கணுக்கால் எலும்பும் தாமஸ் ஹக்ஸ்லியும்

எங்கள் விலங்கியல் துறையின் காட்சிக்கூடத்தில், சன்னலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்றில், ஒரு தவளையின் எலும்புச் சட்டம் இருக்கிறது. நான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது, செய்முறைத் தேர்வில் தவளையின் பின்னங்கால் எலும்பு ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு நீண்ட எலும்புகள் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் இடைவெளி விட்டு நிற்கும் எலும்பு அது. கீழ்க்கால் எலும்பு என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். அது கணுக்கால் எலும்பு என்று பிறகுதான் தெரிந்தது. அஸ்ட்ராகலஸ், கல்கேனியம் என்று நம் பாடநூல்கள் கூறும் அந்த இரண்டும், தவளை தாவுவதற்கு ஏற்றவாறு அவ்வளவு நீண்டுபோயிருக்கின்றன. நமக்குக் குதிகாலில் கட்டையாக இருக்கும் எலும்பு, தவளைக்குக் காலின் மற்றொரு பகுதியாகவே ஆகிவிட்டது.

மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தந்தான். ஆனால் கணுக்கால் எலும்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, ஒருவர் பெயர் திரும்பத் திரும்ப என் எதிரே வந்தது. அவர்தான் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினுக்காக வாதாடியவர், சொல்வன்மை மிக்கவர் என்றே பலரும் அவரை அறிவர். மேடையில் நின்ற ஹக்ஸ்லியைவிட, மேசையின் முன் அமர்ந்து சிறிய எலும்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஹக்ஸ்லியே எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். அவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஹக்ஸ்லி 1825 ஆம் ஆண்டு மே 4 அன்று இங்கிலாந்தில் ஈலிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாயினும், ஹக்ஸ்லி பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள்தாம். குடும்பம் நொடித்தது, பத்து வயதில் படிப்பு நின்றது. அதன் பிறகு புத்தகங்களே அவருக்கு ஆசிரியர்கள். ஜெர்மன் மொழியைத் தாமே கற்றுக்கொண்டார். பின்னர் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, லண்டன் துறைமுகத்தை ஒட்டிய ராதர்ஹைத் பகுதியில் ஏழைகளின் பசியையும் நோயையும் நேரில் கண்டார். உதவித்தொகை பெற்றுச் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் பயின்றார். 1845 ஆம் ஆண்டு, மயிர்க்காலின் உறையில் அதுவரை எவரும் காணாத ஓர் அடுக்கைக் கண்டு வெளியிட்டார். இன்றும் அது ஹக்ஸ்லி அடுக்கு என்றே வழங்குகிறது. முதற்கட்டத் தேர்வில் உடற்கூற்றியலுக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர், இறுதித் தேர்வை எழுதவேயில்லை. தேர்வெழுதிப் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் என்று ஒன்று அவரிடம் கடைசிவரை இல்லை.

கையில் பணமில்லை, கடன் இருந்தது. கடற்படையில் சேர்ந்து, 1846 இல் ராட்டில்ஸ்நேக் என்னும் கப்பலில் உதவி மருத்துவராகப் புறப்பட்டார். ஆஸ்திரேலியக் கடலோரத்திலும் நியூகினிப் பகுதியிலுமாக நான்கு ஆண்டுகள் கழிந்தன. மற்றவர்கள் கையால் தொடவும் தயங்கும் சொறிமீன்களை அவர் வாளியில் அள்ளி ஆராய்ந்து, கட்டுரைகளாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1850 இல் திரும்பியவரை, மறு ஆண்டே ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது வயது 26. எனினும் புகழ் சோறு போடவில்லை. சிட்னியில் சந்தித்து மனம் இணைந்த ஹென்ரியட்டா ஹீத்தார்ன் என்னும் பெண்ணை மணப்பதற்கு, நிலையான வேலை கிடைக்காமல் 1855 வரை காத்திருந்தார்.

1854 இல் லண்டன் சுரங்கவியல் பள்ளியில் வேலை கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருக்கு விருப்பமான துறை உடலியங்கியல். கிடைத்த வேலையோ புதைபடிவங்களோடு தொடர்புடையது. அவற்றில் தமக்கு நாட்டமில்லை, வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவேன் என்னும் எண்ணத்தோடுதான் சேர்ந்தார். ஆனால் 31 ஆண்டுகள் அந்தப் பணியிலேயே இருந்தார். விரும்பாமல் தொட்ட கல்லெலும்புகளே அவர் வாழ்நாள் உழைப்பில் பெரும்பங்கைப் பெற்றன. நமக்கு வாய்க்கும் பாடப்பிரிவும் பல நேரங்களில் இப்படித்தான் அல்லவா?

1859 இல் டார்வினின் நூல் வெளிவந்தது. அதற்கு முன்பு ஹக்ஸ்லி பரிணாமக் கருத்தை ஏற்றவர் அல்லர். சான்று போதாது என்று கடுமையாக எழுதியவர். சான்று கிடைத்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்போர்டு நகரில் பேராயர் வில்பர்ஃபோர்சோடு அவர் நடத்திய சொற்போரை நூல்கள் பலவும் சுவைபடக் கூறுகின்றன. அங்குப் பேசப்பட்டவற்றைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைத்தவர் யாருமில்லை.

அந்த வெற்றி ஆரவாரம் அடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 15 அன்று அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயது நிரம்புமுன்னே, செங்காய்ச்சலில் இறந்தான். நண்பரும் பாதிரியாருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் கூறி எழுதினார். ஹக்ஸ்லி எழுதிய நீண்ட மறுமொழியின் கருத்து இதுதான்: மகனை மறுமையில் காண்பேன் என்று நம்பினால் துயரம் குறையலாம், ஆனால் குறையும் என்பதற்காகவே, சான்றில்லாத ஒன்றை உண்மை என்று ஏற்கத் தம்மால் இயலாது. அவர் முடிவோடு நாம் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். ஒரு துண்டு எலும்புக்கு வைத்த அதே அளவுகோலைத் தம் பிள்ளையின் சாவுக்கும் வைத்த அந்த நேர்மையை நினைக்கும்போது எனக்கு நெஞ்சம் கனக்கிறது.

துயரத்தை அவர் உழைப்பில் கரைத்தார். 1861 இல் டெவோனியன் காலத்து மீன்களை வகைப்படுத்தியபோது, தசைப்பிடிப்புள்ள அடிப்பகுதியைச் சுற்றிக் குஞ்சம் போல் கதிர்கள் அமைந்த துடுப்புகளை உடைய மீன்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துப் பெயரிட்டார். நிலத்தில் நடந்த முதல் முதுகெலும்பிகள் இத்தகைய துடுப்புடைய மீன்களின் பெருங்கூட்டத்திலிருந்தே தோன்றின என்று இன்று அறிகிறோம். ஸ்காட்லாந்தின் நிலக்கரிப் படுகையில் கிடைத்த ஆந்த்ரகோசாரஸ் என்னும் பழைய நிலவிலங்கை 1863 இல் விளக்கியவரும் அவரே. நம் நாட்டு ராணிகஞ்ச் பகுதியின் பாஞ்செட் பாறைகளில் கிடைத்த எலும்புகளும் அவர் கைக்குச் சென்றன. 1865 இல் அவற்றைப் பற்றி எழுதினார்.

துடுப்பு காலாக மாறியபோது மிகப் பெரிய சுமை எங்கே விழுந்திருக்கும்? கணுக்காலில்தான். நீரில் உடலைத் தாங்க நீரே இருந்தது. நிலத்தில் காலும் பாதமும் சேரும் இடம் வளையவும் வேண்டும், நழுவாமலும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆகாந்தோஸ்டெகாவுக்குக் காலும் கணுக்கால் எலும்புகளும் எட்டு விரல்களும் இருந்தன. ஆயினும் அந்தக் கால் நடப்பதைவிட நீரைத் தள்ளுவதற்கே ஏற்றதாயிருந்தது. பின்னர் வந்த பழைய நிலவிலங்குகளில் கணுக்காலின் அமைப்பு தெளிவுபட்டது. மேல்வரிசையில் மூன்று, நடுவில் நான்கு, விரல்களை நோக்கிய வரிசையில் ஐந்து என்று பன்னிரண்டு சிறு எலும்புகள். மேல்வரிசையின் நடு எலும்புக்கு இன்டர்மீடியம் என்று பெயர். நண்பர்கள் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காலப்போக்கில் இந்த எலும்புகள் சில இணைந்தன, சில மறைந்தன. மனிதனிடம் இருப்பவை ஏழு.

இந்த ஏழு எலும்புகளைக் கொண்டே ஹக்ஸ்லி ஒரு பெரிய வழக்கைத் தீர்த்தார். குரங்குகள் நான்கு கைகளை உடையவை, மனிதன் மட்டுமே இரண்டு கையும் இரண்டு காலும் உடையவன் என்று அக்காலத்து அறிஞர்கள் வகுத்திருந்தனர். கொரில்லாவின் பின்கால் கட்டைவிரல் கையைப் போலப் பற்றுகிறது என்பதே அவர்கள் காட்டிய காரணம். ஹக்ஸ்லி கட்டைவிரலைப் பார்த்ததோடு நிற்கவில்லை; கணுக்காலைப் பார்த்தார். மணிக்கட்டில் எட்டு எலும்புகள், கணுக்காலில் ஏழு. அவை அமைந்துள்ள முறையும் வேறு. கொரில்லாவின் பின்காலில் இருப்பதோ, எண்ணிக்கையிலும் அமைப்பிலும் நம் கணுக்காலை ஒத்த அதே ஏழு எலும்புகள். தசைகளும் அவ்வாறே. ஆகவே அது கையன்று, பற்றக்கூடிய பாதமே என்று 1863 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அதற்கு முன்பே, 1861 இல், லண்டன் தொழிலாளர்களின் முன் இதே பொருளைப் பற்றித் தொடர்ந்து உரையாற்றியிருந்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள் அமர்ந்து கேட்டார்கள்.

அடுத்த வழக்கு பறவையினுடையது. 1867 இல் ஆக்ஸ்போர்டு காட்சிச்சாலைக்குச் சென்றபோது, மெகலோசாரஸ் என்னும் டினோசாரின் தோள் எலும்பு என்று கருதப்பட்ட ஒன்று உண்மையில் இடுப்பெலும்பு என்று கண்டார். அது பறவையின் இடுப்பெலும்பைப் போல இருந்தது. அங்கிருந்து காலுக்கு வந்தார்.

கோழிக்கடையில் பாதத்தை வெட்டி எறியும் இடத்தைப் பார்த்திருப்போம். பின்பக்கமாக மடங்கும் முட்டி என்று பலரும் நினைக்கும் அந்த மூட்டுத்தான் கோழியின் கணுக்கால். அங்கே தனி எலும்புகள் தென்படுவதில்லை. மேல்வரிசை எலும்புகள் கீழ்க்கால் எலும்போடும், கீழ்வரிசை எலும்புகள் பாத எலும்போடும் ஒட்டிவிட்டன. குஞ்சு முட்டைக்குள் வளரும்போதுதான் அவை தனித்தனியாக இருக்கும். ஜெர்மன் அறிஞர் கெகன்பௌர் 1864 இல் இதை விளக்கியிருந்தார். அமெரிக்காவில் கோப் என்பவரும் டினோசாரின் கால் பறவையின் காலைப் போன்றது என்று எழுதியிருந்தார். ஹக்ஸ்லி இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தார். டினோசாரின் அஸ்ட்ராகலஸ் எலும்பிலிருந்து ஒரு நாக்கு போன்ற பகுதி மேலே நீண்டு கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில் படிகிறது. இளம் பறவையிலும் அதே நாக்கு, அதே இடத்தில். முதலையின் கணுக்காலில் அது இல்லை. இடுப்பையும் காலையும் சான்றாகக் காட்டி, பறவைக்கு நெருங்கிய உறவு டினோசாரே என்று 1868 முதல் 1870 வரை எழுதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. நூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் தலையெடுத்து, இன்று அறிவியலார் பெரும்பாலோரும் ஏற்றதாக இருக்கிறது.

அவர் தவறவே இல்லையா? தவறினார். கடலடிச் சேற்றில் கண்ட கூழ் போன்ற பொருளை மிக எளிய உயிர் என்று கருதி 1868 இல் பெயரும் சூட்டினார். அது சாராயம் கலந்ததால் உண்டான வெறும் வீழ்படிவு என்று தெரிந்தபோது, 1875 இல் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பெயர் பெற்ற பின்பு பிழையை ஒப்புக்கொள்வது எளிதன்று.

அதே 1875 இல் மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். ஈஸ்டிலிருந்து தவளைவரை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் உயிரை எடுத்துக் கையாலே ஆராய்ந்து கற்பது அதன் முறை. நம் நாட்டுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகத் தவளை மேசைக்கு வந்ததற்கு அந்த முறையே மூலம். இப்போது அறுக்கும் வழக்கம் நின்றுவிட்டது. எலும்புச் சட்டம் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் தேர்வில் தவறவிட்ட எலும்பு என்னிடம் வந்து சேர்ந்ததும் ஒரு வகையில் ஹக்ஸ்லியால்தான் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

உடல்நலம் குன்றி 1885 இல் ஓய்வு பெற்ற ஹக்ஸ்லி, 1895 ஜூன் 29 அன்று ஈஸ்ட்போர்ன் நகரில் காலமானார். லண்டனின் ஃபிஞ்ச்லி இடுகாட்டில், சிறுவன் நோயல் உறங்கும் இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் எலும்பின் கதை முடியவில்லை. ஹக்ஸ்லி சுட்டிய அந்த நாக்கு எங்கிருந்து வந்தது? அது பழைய நிலவிலங்குகளின் இன்டர்மீடியமே என்று அமெரிக்கரான மோர்ஸ் 1872 இல் கூறினார். அதைப் பலரும் ஏற்கவில்லை. 2015 இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் பறவைகளின் கருக்களை ஆராய்ந்து, அந்த நாக்கு தனிக் குருத்தெலும்பாகவே தோன்றுகிறது, அது இன்டர்மீடியந்தான் என்று காட்டினார்கள். நீரைவிட்டு ஏறிய முதல் விலங்குகளின் கணுக்காலில் இருந்த எலும்பு, இன்றும் கோழிமுட்டைக்குள் சில நாட்கள் தனியே தோன்றி, பிறகு மற்றதோடு ஒட்டிக்கொள்கிறது.

மாணவ நண்பர்களே! இரண்டே ஆண்டு பள்ளிக்குச் சென்ற ஒருவர் இத்தனையும் கண்டதற்குக் காரணம், கையில் இருக்கும் பொருளைத் தம் விருப்பத்துக்காக வளைக்காமல் பார்த்ததுதான். நம் காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியின் முன் ஒரு நாள் நின்று பாருங்கள். தவளையின் பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை விட்டுவிட்டு, அதற்கும் கீழே இருப்பதைப் பாருங்கள். நான் அவசரத்தில் பெயரை மாற்றி எழுதிய எலும்பு அதுதான். நீங்கள் பொறுமையாகப் பார்த்து எழுதுங்கள்.