சூரிய ராணி மரியா டெல்கெஸ்



மொட்டை மாடி சோலார் பேனல் இன்று நம் எல்லோருக்கும் தெரிந்த பொருள். அது சூரிய ஒளியை மின்சாரமாக்குகிறது. வெயிலின் சூட்டிலிருந்தும் நேரடியாக மின்சாரம் எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? அதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் மரியா டெல்கெஸ் அம்மையார்.

இவர் 12.12.1900 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். 1924-ல் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அமெரிக்கா சென்றார். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இருந்தபோதே வெப்பத்தை மின்சாரமாக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார். பிறகு எம்.ஐ.டி.யின் சூரிய சக்தித் திட்டத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் தத்தளிக்கும் வீரர்கள் வெயிலைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கிக்கொள்ள ஒரு சிறு கருவியை வடிவமைத்தார்.

1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்ற ஊரில், சூரிய வெப்பத்தால் மட்டுமே கதகதப்பாகும் வீடு ஒன்று எழுந்தது. வரைபடம் எலினார் ரேமண்ட், பணம் அமேலியா பீபாடி, வெப்ப ஏற்பாடு டெல்கெஸ். மூவரும் பெண்கள்! பகல் வெப்பத்தைக் கிளாபர் உப்பில் சேமித்து இரவில் வெளியிடுவதே திட்டம். முதலில் நன்றாகத்தான் போயிற்று. சில குளிர்காலங்களுக்குள் உப்புக் கலன்கள் கசிந்தன, உப்பும் அடுக்கடுக்காகப் பிரிந்து பயனற்றுப் போனது. 1953-ல் அவர் எம்.ஐ.டி.யை விட்டு விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1954-ல் சூரிய வெப்ப மின்னாக்கிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தத்துவம் எளிது. இருவேறு உலோகக் கலவைகளை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் ஓடும். வெறும் சூடு போதாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்சாரம் தருகிறது. பின்புறமும் சூடேறிவிட்டால் உற்பத்தி படுத்துவிடும். ஆகவே காற்றோ தண்ணீரோ கொண்டு அதைக் குளிர்விக்க வேண்டும். அப்படிச் சூடாகும் தண்ணீரைக் குளிக்கவும் பயன்படுத்தலாம்.

கிடைத்தது எவ்வளவு? சாதாரண வெயிலில் விழுந்த வெப்பத்தில் 0.63 சதவீதம், லென்ஸ் வைத்து வெயிலை 50 மடங்கு குவித்தபோது 3.35 சதவீதம். நம் வங்கிக் கணக்கில் சொன்னால், நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் முப்பத்தைந்து காசு. இன்றைய பேனல்கள் பல 20 சதவீதத்துக்கும் மேல் தருகின்றன. ஆனாலும் அம்மையார் அந்தச் சிறு எண்களை உள்ளபடியே அச்சிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தது. வரவு குறைவானாலும் கணக்கைச் சரியாக எழுதி வைப்பதே பெரிய சேவை என்பதைப் பேரேடு எழுதிய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

சூரிய ராணி என்று பெயர் பெற்ற அவர், 2.12.1995 அன்று, 95-வது பிறந்த நாளுக்குப் பத்து நாள் முன்பு, பிறந்த ஊருக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரணம் வேறு என்றாலும், சாதாரண சோலார் பேனலும் சூடேறினால் மின்சாரத்தைக் குறைத்துத்தான் தரும். எனவே பேனல் வைத்திருப்பவர்கள் அதன் அடியில் பழைய சாமான்களை அடுக்காமல், காற்றுக்கு வழி விடுங்கள்.