வெள்ளை உடுத்திய ராமானுஜர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காலையில் போனால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கார் ஆலை, டயர் ஆலை, செல்போன் ஆலை என்று எத்தனையோ! இறங்கி வரும் தொழிலாளியின் சட்டையைப் பார்த்தே, இவர் எந்தக் கம்பெனி என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

உடை ஆளைக் காட்டும். சில சமயம் ஆளை மறைக்கவும் செய்யும். இதே ஊரில் பிறந்த ராமானுஜரின் வாழ்க்கையில் இரண்டும் நடந்தன.

காவியும் முக்கோலும்

1017-ம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் பிறந்தார் என்பது மரபு. தந்தை கேசவ சோமயாஜி. தாய் காந்திமதி.

காஞ்சீபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் படித்தார். ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் ஒப்பவில்லை. பிரிந்தார்கள்.

கல்யாணம் ஆயிற்று. அதுவும் நிலைக்கவில்லை. திருக்கச்சி நம்பி என்ற பக்தரை ராமானுஜர் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நம்பி வேறு சாதிக்காரர். அவர் சாப்பிட்டுப் போனதும், ராமானுஜரின் மனைவி அந்த இடத்தைக் கழுவி, தலை முழுகிவிட்டார். கணவருக்கு மனம் நொந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி நடந்த அந்த அம்மாளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இப்படிப் பிணக்குகள் வளர்ந்தன.

காஞ்சி வரதராஜர் சந்நிதியில் ராமானுஜர் துறவு பூண்டார். வெள்ளை வேட்டி போய், காவி வந்தது. கையில் முக்கோல் வந்தது. முக்கோல் என்பது மூன்று மூங்கில் கோல்களைச் சேர்த்துக் கட்டியது. மனம், வாக்கு, உடல் ஆகிய மூன்றையும் அடக்கியவர் என்பதற்கு அது அடையாளம். ஒற்றைக் கோல் பிடிக்கும் துறவிகள் குடுமியையும் பூணூலையும் நீக்கிவிடுவார்கள். முக்கோல் துறவி நீக்குவதில்லை. காவி எல்லோருக்கும் பொது. கோலைப் பார்த்துத்தான் யார் எந்த வழி என்று தெரியும்.

துணிக்கு இப்படிப் பொருள் வைப்பது நம் நாட்டில் மட்டும் அல்ல. பழைய யூதர்களின் தலைமைக் குருவுக்குப் பொன் இழை ஓடிய அங்கி உண்டு. மார்பில் 12 மணிகள் பதித்த பதக்கம் உண்டு. 12 மணிகளும் அவர்களுடைய 12 குலங்களைக் குறிக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், மக்களின் பாவம் தீர வேண்டி ஆலயத்தின் உள்ளறைக்குள் நுழையும்போது, அந்தப் பொன்னாடையைக் கழற்றிவிடுவார். வெறும் வெள்ளை நூலாடையோடுதான் உள்ளே போவார்.

ராமானுஜருக்கும் காவியைக் கழற்ற வேண்டிய நாள் வந்தது.

கூரத்தாழ்வான்

அப்போது அவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். கோவில் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். சீடர்கள் திரண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள கூரத்தில் பெரும் செல்வராக வாழ்ந்தவர். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு வந்து, குருவின் நிழலில் ஏழையாக வாழ்ந்தார். அவர் குடும்பஸ்தர். ஆகையால் வெள்ளை வேட்டிதான்.

சோழ மன்னன் ராமானுஜரைப் பிடித்துவர ஆள் அனுப்பினான் என்று வைணவ நூல்கள் கூறுகின்றன. சிவனே பெரியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்! அந்த மன்னன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

ஆட்கள் வந்த நேரம், ராமானுஜர் நீராடப் போயிருந்தார். கூரத்தாழ்வான் யோசிக்கவில்லை. குருவின் காவியை எடுத்து உடுத்தினார். முக்கோலைக் கையில் எடுத்தார். வந்தவர்களோடு நடந்தார். வயது முதிர்ந்த பெரிய நம்பியும் கூடப் போனார்.

திரும்பி வந்த ராமானுஜருக்கு உடுத்த அங்கே இருந்தது சீடரின் வெள்ளை வேட்டிதான். துறவி வெள்ளை உடுத்தலாமா? யோசிக்க நேரம் இல்லை. உடுத்திக்கொண்டு சீடர்களுடன் மேற்கே புறப்பட்டார்.

அரண்மனையில் கூரத்தாழ்வான் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் கண்கள் போயின. பெரிய நம்பியின் கண்களும் போயின. நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் விட்டார்.

பாதம் சொன்ன அடையாளம்

காடு மலை கடந்து, கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் ராமானுஜர் குழுவினர் தங்கினார்கள். அந்த வீட்டு அம்மாள் முன்பு ஒரு பஞ்ச காலத்தில் ஸ்ரீரங்கம் வந்து, ராமானுஜரிடம் உபதேசம் பெற்றவர். வந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை உடையில் இருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவர் பாதத்தில் கண் நின்றது. உடை மறைத்ததைப் பாதம் காட்டிவிட்டது!

ஆபத்து நீங்கிய பிறகு ராமானுஜர் மீண்டும் காவி உடுத்தினார். கன்னட நாட்டில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் ஆதரித்தான். மேல்கோட்டையில் திருநாராயணர் கோவில் வழிபாடு சிறந்தது.

அங்கே 12 ஆண்டுகள் இருந்தார் என்பார்கள். சோழன் இறந்த செய்தி வந்ததும் ஸ்ரீரங்கம் திரும்பினார். கூரத்தாழ்வானைத் தேடிப் போனார். தம் காவியை உடுத்திப் போனவர், கண் இல்லாமல் எதிரே நின்றார். ராமானுஜர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

1137-ல் ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் மறைந்தார் என்பது மரபு. பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் அவருடைய திருமேனி இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே அமைத்தது என்பதால், அதைத் தானுகந்த திருமேனி என்று அழைக்கிறார்கள்.

அங்கே வெள்ளை சாத்துப்படி என்று ஓர் உற்சவம் உண்டு. அன்று உடையவருக்குக் காவி கிடையாது. சீடரின் வேட்டியை உடுத்திப் புறப்பட்ட அந்த நாளை நினைத்து, வெள்ளை ஆடை சாத்தி, வெள்ளைப் பூமாலை போட்டு, வீதிக்கு அழைத்து வருகிறார்கள்.