கனிக்குள் பசை கண்ட ஆன்றி பிராக்கொனோ

இட்லிக்கு ஏங்கும் நமக்கு விடுதி உணவறையில் வாய்ப்பது பெரும்பாலும் ரொட்டியும் ஜாமும்தான். அதைக் குறை கூறாத நண்பர் நம்முள் இலர். ஆனால் கரண்டியைக் கவிழ்த்தாலும் வழிந்தோடாமல் நிற்கிறதே அந்தப் பழக்கூழ், அதை நிறுத்தி வைப்பது எது என்று கேட்டவர் எத்தனை பேர்? சர்க்கரைப் பாகு வழிகிறது. பழச்சாறும் வழிகிறது. இரண்டும் சேர்ந்து கொதித்தால் மட்டும் உறைந்து நிற்பானேன்?

இதற்கு விடை தந்த பெருமை பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆன்றி பிராக்கொனோவைச் சாரும். இரசாயன வரலாற்றிலும் தாவர நூல் வரலாற்றிலும் அவர் பெயர் நிலைபெற்றது. ஆயினும் நம் பாடப் புத்தகங்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பிரான்சின் வடகிழக்கே லொரேன் பகுதியில் உள்ள கொமெர்சி என்னும் சிற்றூரில் 1780 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனுக்கு ஏழு வயது நிரம்பும் காலத்திலேயே அவர் மறைந்துவிட்டார். தாய் ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். பதின்மூன்றாம் வயதில் சிறுவன் நான்சி நகரத்து மருந்துக் கடை ஒன்றில் தொழில் பழக அனுப்பப்பட்டான். அது 1793. பாரிசில் மன்னனின் தலை உருண்ட ஆண்டு. நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது இச்சிறுவன் உரலில் மருந்து இடித்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பர்க் படை மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை கிடைத்தது. முறையான கல்விக்கு முன்பே கைப்பழக்கம் வந்துவிட்டது. பிறகுதான் பாரிஸ் சென்று ஃபூர்க்ருவா போன்ற பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்டார்.

1807 இல் நான்சி நகரத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். அப்போது வயது இருபத்தேழு. 1855 சனவரியில் கண்மூடும் வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், அந்நகரை விட்டு அவர் பெயரவில்லை. அக்காலப் பிரெஞ்சு அறிவியலுக்குப் பாரிசே அரண்மனை. நான்சியோ தொலைவில் கிடந்த ஒரு மாகாண நகரம். ஆனால் தோட்டத்து வேரும் பட்டையும் காளானும் கனியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அமிலமும் காரமும் அடுப்பும் இருந்தன. அவருக்கு அவை போதுமாயிருந்தன.

1811 இல் காளானைக் காரத்தில் வேகவைத்துக் கரையாமல் எஞ்சிய பொருளைப் பிரித்தார். பூச்சிகளின் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் உள்ள கைட்டின் அதுவே என்பது பின்னர்த் தெரிந்தது. 1818 இல், நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் மாசிக்காயிலிருந்து ஒரு புதிய அமிலத்தைக் கண்டார். மாசிக்காய்க்குப் பிரெஞ்சு மொழியில் கால் என்று பெயர். அச்சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எல்லாஜிக் அமிலம் என்று பெயரிட்டுவிட்டார்! ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு குறும்பு செய்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாழ்ந்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

அடுத்த ஆண்டு செய்ததுதான் வியப்பு. பழைய கந்தல் துணியையும் மரத்தூளையும் வைக்கோலையும் கந்தக அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்து, சுண்ணாம்பால் அமிலத்தை நீக்கிப் பார்த்தால் இனிப்பான சர்க்கரை! மாவிலிருந்து இவ்வாறு சர்க்கரை எடுக்கலாம் என்பதை உருசியாவில் கிர்க்காஃப் 1811 இலேயே காட்டியிருந்தார். ஆனால் விறகுக்கும் சர்க்கரைக்கும் உறவு உண்டென்று எவர் நினைத்தார்? மேலும் ஒரு புதிர்: போட்ட கந்தலின் எடையைவிட வந்த சர்க்கரையின் எடை கூடுதலாக இருந்தது. இன்று நமக்குக் காரணம் தெரியும். செல்லுலோஸ் உடையும்போது ஒவ்வொரு முறிவிலும் நீர் வந்து சேர்கிறது. கணக்குப்படி 100 கிராம் செல்லுலோசுக்கு 111 கிராம் குளுக்கோஸ் கிடைக்க வேண்டும். செல்லுலோஸ் என்ற பெயரோ 1838 இல் பாயென் வைத்தது. பெயர் பிறக்கப் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கையிலேயே பிராக்கொனோ அதை உடைத்துப் பார்த்துவிட்டார். 2022 இல் அரியானாவின் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறந்தார்களே, அங்கும் முதல் வேலை வைக்கோலைச் சர்க்கரையாக்குவதுதான்.

அதே முறையை 1820 இல் விலங்குப் பொருள்களின் மேல் ஏவினார். ஜெலட்டினிலிருந்து இனிக்கும் படிகங்கள் கிடைத்தன. இங்கே அவர் சறுக்கினார். இனிக்கிறது, ஆகவே சர்க்கரை என்று கொண்டார். அது சர்க்கரை அன்று. நைட்ரஜன் உடைய கிளைசின் என்னும் அமினோ அமிலம். பிறர் அதைத் தெளிவாக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆயின. செய்முறையில் பிழையில்லை, பொருள் கொண்டதில்தான் பிழை. தேர்வில் நாமும் அப்படித்தானே மதிப்பெண் இழக்கிறோம்?

இனிக் கனிக்கு வருவோம். இதில் நம் புளிக்கும் ஒரு பங்கு உண்டு. 1790 இல் வோக்லான் என்ற பிரெஞ்சு இரசாயனர் புளியை ஆராய்ந்தபோது கூழ் போன்ற ஒரு பொருளைக் கண்டு எழுதிவைத்தார். அது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ட செய்தியாகவே கிடந்தது. 1825 இல் பிராக்கொனோ கேரட்டைத் துருவிப் பிழிந்து, சக்கையைக் கழுவி, நீர்த்த காரத்தில் கொதிக்கவைத்து, வடித்த நீரில் அமிலம் விட்டார். பாத்திரத்தில் நீர் உறைந்து கூழாயிற்று. வெங்காயத்தில் தேடினார், இருந்தது. வேரில், தண்டில், பட்டையில், கனியில், எங்கும் இருந்தது. எல்லாத் தாவரங்களிலும் பரவிய பொருள் இது என்று துணிந்து கூறினார். உறைவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெக்டிக் அமிலம் என்று பெயரிட்டார். பெக்டின் என்ற பெயரும் அவர் தந்ததே. மிகச் சிறிய அளவு சேர்த்தாலே சர்க்கரை நீர் உறைந்துவிடும் என்பதையும் கண்டு, இனிப்புக் கூழ் செய்யப் பயன்படுமென்றார்.

ஆனால் அந்தப் பசை தாவரத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, ஏன் இருக்கிறது? அவரால் கூற இயலவில்லை. தாவரம் முழுவதும் உயிரணுக்களால் ஆனது என்று ஷ்லைடன் அறிவித்ததே 1838 இல்தான். இன்று அறிந்தது இது: ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. செல்லுலோஸ் இழைகள் அதற்குக் கம்பி. அவற்றின் இடையே பெக்டின் நிரம்பியிருக்கிறது. அடுத்தடுத்த இரு சுவர்களை ஒட்டவைப்பதும் அதுவே, செங்கல்லுக்கிடையே கொத்தனார் வைக்கும் சாந்து போல. பிராக்கொனோ கந்தலில் கண்டது கம்பியை. கேரட்டில் கண்டது சாந்தை. இரண்டும் ஒரே சுவரின் பகுதிகள் என்பதை மட்டும் அவர் அறியார்.

பிஞ்சு, காய், செங்காய், கனி என்று தமிழர் படிப்படியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். நறுக்கென்று கடிபடும் மாங்காய் விரலுக்குக் குழையும் மாம்பழமாவது பெரிதும் இந்தச் சாந்து தளர்வதால்தான். காயிலுள்ள கரையாத பெக்டினை நொதிகள் சிறிது சிறிதாக வெட்டிக் கரைத்துவிடுகின்றன. பிராக்கொனோ உயிரோடிருக்கையிலேயே, 1840 இல், ஃபிரெமி என்பவர் பெக்டின் மேல் வேலை செய்யும் நொதி ஒன்றைக் கண்டார். கனியும் வகையை ஆராயவும் தொடங்கினார். கொய்யாப்பழ ஜெல்லி செய்யும் இல்லத்தரசி அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தை ஒதுக்குவது ஏன் என்று இப்போது விளங்குமே! பெக்டின் துண்டு துண்டானபின் கூழ் உறையாது.

பிராக்கொனோ விதைத்ததைப் பிறர் அறுத்தது இது ஒன்றில் மட்டுமன்று. 1830களின் தொடக்கத்தில் மாவையும் மர இழையையும் நைட்ரிக் அமிலத்தில் இட்டு, சட்டெனத் தீப்பற்றும் ஒரு பொருளைச் செய்தார். 1846 இல் ஷோன்பைன் பஞ்சை வெடிபொருளாக்கிப் புகழ் கொண்டார். ஒரு கதவைத் திறந்ததும் உள்ளே செல்லாமல் அடுத்த கதவுக்குப் போய்விடுவது பிராக்கொனோவின் இயல்பு. இதை அவருடைய குறை என்றே நான் கருதுகிறேன். கந்தல், கேரட், நைட்ரிக் அமிலம் மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்க்க அவரைவிடத் தகுந்தவர் அன்று எவரும் இலர்.

அவர் விட்ட இடத்தில் வேலை இன்னும் முடியவில்லை. 1994 இல் அமெரிக்காவில், பெக்டினை வெட்டும் ஒரு நொதியை அடக்கி, எளிதில் அழுகாத தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எதிர்பார்த்த உறுதி அதற்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தது. அடக்கியது தலைமை நொதியை அன்று. 2016 இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அவர்தம் துணைவரும் வேறொரு நொதியை அடக்கிப் பார்த்தபோது தக்காளி நிறமும் சுவையும் பெற்றுப் பழுத்தது. ஆனால் விரைவில் குழையவில்லை. பெக்டேட் லயேஸ் என்பது அந்நொதியின் பெயர். அதன் முற்பகுதி 1825 இல் நான்சியில் கேரட்டுக் கூழுக்கு வைத்த பெயர்தான்.