குதிரையேறிய குடியரசுத் தலைவர்

நம் கல்லூரி மாணவருள் குதிரையேறத் தெரிந்தவரை இந்நாளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மோட்டார் வண்டி மலிந்த பின்னர் அக்கலை பெரும்பாலும் போலீசாரிடத்தும் பந்தயத் திடலிலுமே எஞ்சி நிற்கின்றது. ஆயினும், பெருநகரொன்றில் ஓயாத அலுவலுடையராயிருந்த ஒருவர், மாலைவேளைகளில் ஊர்ப்புறத்துக் காட்டுவழிகளிற் குதிரைமீதேனும் கால்நடையாகவேனும் சென்று மீளுவதை ஒரு விரதம்போற் காத்துவந்தார் எனின், அவர் வரலாறு நாம் அறியத்தக்கதே. அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் 26-ஆம் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட். 1933 முதல் 1945 வரை அப்பதவியிலிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இவருக்குத் தூரத்து உறவினர். இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவார் பலராதலின் இதனை முதற்கண் சொல்லிவைத்தோம்.

தியோடர் 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் நகரத்துச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். செல்வம் இருந்தது; மூச்சு இல்லை. சுவாசகாசம் அக்குழந்தையை இரவுதோறும் வருத்தியது. படுத்தால் மூச்சு முட்டுமாதலின் தலையணைகளை அடுக்கி அவற்றின்மேற் சாய்ந்தே உறங்குவான். நோய் மிகுந்த இரவுகளில் தந்தையார் மகனை வண்டியிலேற்றி, குதிரைகளை விரைந்து ஓட்டி, ஆளரவமற்ற தெருக்களிற் சுற்றிவருவார். எதிர்க்காற்று அந்நெஞ்சினுட் புகவேண்டுமென்பது அவர் கருத்து. குதிரை என்னும் விலங்கு ரூஸ்வெல்டின் வாழ்விற் புகுந்தது இவ்வாறு என்பது நமக்கு உருக்கமாகவே தோன்றுகின்றது. மகனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வயதானபோது, அறிவு போதாது, உடலையும் நீயே ஆக்கிக்கொள்ளவேண்டும் எனத் தந்தையார் அறிவுறுத்தினார். சிறுவன் அன்றே தொடங்கினான். வீட்டிலேயே அமைத்த உடற்பயிற்சிக்கூடத்தில் நாடோறும் உழைத்தான். கண்பார்வையும் மிகக் குறைவென்பது இதற்குப் பின்னரே வெளிப்பட்டது. மூக்குக் கண்ணாடி அணிந்த பின்புதான் உலகம் இத்துணை அழகியது என்பதை அறிந்தான்.

1880-இல் ஹார்வர்டிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஆலிஸ் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டில் நியூயார்க் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். இவை நிற்க. 1884 பிப்ரவரி 14-ஆம் நாள் அவர் வீட்டில் நிகழ்ந்ததை எழுதுதற்கே கை தயங்குகின்றது. டைபாய்டு சுரத்தால் அன்னையார் அன்று அதிகாலையில் இறந்தார். இரண்டு நாட்களுக்கு முன்னரே பெண்மகவொன்றை ஈன்றிருந்த மனைவியார் அதே நாளில், அதே வீட்டில், சிறுநீரக நோயால் உயிர்நீத்தார். ரூஸ்வெல்டுக்கு அப்பொழுது வயது 25. பின்னாளில் அவரெழுதிய தன்வரலாற்று நூலில் இவ்வம்மையாரின் பெயரே இல்லை. சொல்ல இயலாத துயரம் அது.

குழந்தையைத் தமக்கையாரிடம் ஒப்புவித்து, அவர் மேற்கே டகோட்டாப் பிரதேசம் சென்றார். லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் நீர் அரித்த குன்றுகளும் பள்ளங்களும் நிறைந்த வறண்ட நிலத்தில் மாட்டுப்பண்ணை நடத்தினார். கண்ணாடியணிந்த நகரத்துக் கனவானைக் கண்டு அங்குள்ள மாட்டிடையர் முதலில் நகைத்தனர். மாடுகளை வளைத்துச் சேர்க்கும் காலங்களில் இரவும் பகலும் அவர் சேணத்தை விட்டிறங்காமை கண்டபின் அந்நகை அடங்கிற்று. அவர் பிறவியிலேயே குதிரைவல்லார் அல்லர் என்பதை ஈண்டு வற்புறுத்திச் சொல்லவேண்டும். அஞ்சி அஞ்சியே கற்றார். விழுந்து விழுந்தே தேர்ந்தார். 1885-இல் நியூயார்க்கை அடுத்த நெடுந்தீவில் நரிவேட்டையொன்றிற் குதிரையோடு விழுந்து இடக்கை முறிந்தது. முறிந்த கையோடு மீண்டும் ஏறி வேட்டையை முடித்தே திரும்பினார். இது வீரமோ வீம்போ என்பதை மாணவரே ஆய்க. 1886-87 குளிர்காலத்துக் கடும்பனியில் அவருடைய மாடுகளிற் பெரும்பகுதி மடிந்தது, முதல் அழிந்தது. உடல்நலமும் ஊக்கமுமே அவர் அங்கிருந்து கொணர்ந்த ஊதியம்.

1898-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது குதிரைப்படையொன்றைத் திரட்டுவதில் முன்னின்று கியூபாவுக்குச் சென்றார். கப்பலில் இடம் போதாமையால் வீரர்களின் குதிரைகள் பிளாரிடாக் கரையிலேயே நின்றுவிட்டன. ஆகவே உலகம் புகழ்ந்த அக்குதிரைப்படை சான் குவான் குன்றுகளிற் கால்நடையாகவே போரிட்டது! அதிகாரிகளுட் சிலரே குதிரையுடையார். அவர்களுள் ஒருவர் ரூஸ்வெல்ட். அப்புகழே அவரை நியூயார்க் கவர்னராகவும், பின் உபதலைவராகவும் ஆக்கியது. 1901 செப்டம்பரில் மக்கின்லி கொலையுண்டமையால், தமது 42-ஆம் வயதில் நாட்டின் தலைவரானார். அவ்விளவயதில் அப்பதவியை எய்தியவர் அவருக்கு முன்னுமில்லை, இன்றுவரை பின்னுமில்லை.

வாஷிங்டன் நகரின் வடமேற்கே ராக் கிரீக் என்னும் ஓடை பாறைகளுக்கிடையே காட்டூடு பாய்கின்றது. 1890-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் அக்காட்டைப் பொதுமக்களுக்குரிய பூங்காவாக்கியது. வெள்ளை மாளிகையினின்று சிறிது நேரத்தில் அதனை அடையலாம். மாலையில் கோப்புகளை மூடிவைத்து, மனைவியார் ஈடித்துடனோ நண்பருடனோ ரூஸ்வெல்ட் குதிரையேறிச் செல்லும் இடம் அதுவே. பிளைஸ்டைன் என்பது அவருக்கு மிக உகந்த குதிரையின் பெயர். வேலிகளைத் தாவுவதில் அது வல்லது. குதிரையின்றிச் செல்லும் நாட்களில் அவர் விதித்த விதியொன்று உண்டு: குறித்த இடத்துக்கு நேரே செல்லவேண்டும், பாறை வந்தால் ஏறலாம், நீர் வந்தால் நீந்தலாம், சுற்றிப்போதல் மட்டும் ஆகாது. படை அதிகாரிகளும் அயல்நாட்டுத் தூதர்களும் இவ்வாறு அவர்பின் சேற்றில் நடந்தனர். பொட்டமாக் ஆற்றை நீந்திக் கடக்க வேண்டி எல்லாரும் உடைகளைந்தபோது, பிரெஞ்சுத் தூதர் ழூசராந் கையுறைகளை மட்டும் கழற்றவில்லையாம். காரணம் வினவியதற்கு, வழியிற் பெண்மணிகள் எதிர்ப்படின் மரியாதையாக இருக்கவேண்டாமோ என்றாராம். அவர் வீட்டுப் பிள்ளைகளும் இளைத்தவரல்லர். மகன் ஆர்ச்சி மணல்வாரி அம்மையாற் படுத்திருந்தபோது, அவனுடைய மட்டக்குதிரையை இளையவன் குவென்டின் லிப்டில் ஏற்றி மாடியிலுள்ள படுக்கையறைக்கே கொண்டுசேர்த்தான்.

இனி, நாம் விரித்துரைக்க விழைந்த செய்திக்கு வருவோம். நாற்காலியிலமர்ந்தே பருத்துவிட்ட படை அதிகாரிகளைக் கண்டு வருந்திய ரூஸ்வெல்ட், தம் ஆட்சியின் இறுதிக்காலத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். மூன்று நாட்களில் 50 மைல் நடந்தேனும், ஏறத்தாழ 100 மைல் குதிரையேறியேனும் தம் உடல்வலிமையை அவர்கள் காட்டவேண்டும். முணுமுணுப்பு எழுந்தது; பத்திரிகைகளும் குறைகூறின. ரூஸ்வெல்ட் மறுமொழி எழுதவில்லை. 1909 ஜனவரி 13-ஆம் நாள், பொழுது விடியுமுன்னரே, நான்கு மணிக்கும் முன்பாக, வெள்ளை மாளிகையினின்று குதிரையேறிப் புறப்பட்டார். கடற்படை மருத்துவர்களான ரிக்ஸியும் கிரேசனும், மெய்காவல் அதிகாரி பட் என்பாரும் உடன்சென்றனர். வர்ஜீனியா மாகாணத்து வாரன்டன் என்னும் ஊரே எல்லை. பாதையோ, வண்டிச்சக்கரங்கள் கீறிய சேறு பனியில் இறுகிக் கல்லாய்க் கிடந்த பாதை. இடையிடையே குதிரைகளை மாற்றிக்கொண்டு முற்பகல் 11 மணியளவில் வாரன்டனை அடைந்தனர். அவ்வூராருடன் கைகுலுக்கி, சில சொற்கள் பேசி, உணவு முடித்து உடனே திரும்பினர். மீளும்போது பனிக்கட்டி கலந்த மழை முகத்தில் அறைந்தது, இருளும் சூழ்ந்தது.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். வெள்ளை மாளிகையிற் குத்துச்சண்டை பழகுகையில் பட்ட அடியால் அவருடைய இடக்கண் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பழுதுபட்டிருந்தது. இதனை நெடுங்காலம் அவர் வெளியிடவில்லை. எஞ்சிய ஒரு கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும். அக்கண்ணாடியின்மேற் பனி படர்கின்றது. வழியைக் குதிரையின் காலுக்கே விட்டு, ஐம்பது வயதான அவர் இரவு எட்டரை மணியளவில் மாளிகை வாயிலை அடைந்தார். கடந்த தூரம் ஏறத்தாழ 100 மைல். அதிகாரிகளுக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார். தமக்கு ஒரு நாளே வைத்துக்கொண்டார். முணுமுணுப்பு ஓய்ந்தது. அவருக்குப் பிறர் காணச் செய்வதிலும் ஓர் ஆசை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பிறரை ஏவிய செயலைத் தாம் முன்னர்ச் செய்துகாட்டும் அதிகாரி எத்துணையர்?

அவ்வாண்டு மார்ச்சில் பதவியினின்று நீங்கினார். 1914-இல் பிரேசில் நாட்டுக் காடுகளிற் பற்றிய சுரம் அவர் உடலைக் குலைத்தது. மட்டக்குதிரையை மாடியேற்றிய குவென்டின் 1918 ஜூலையில் பிரான்சில் விமானப்போரில் மாண்டான். ஆறு திங்கள் கழிந்து, 1919 ஜனவரி 6-ஆம் நாள், ரூஸ்வெல்ட் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர்துறந்தார்.

அவர் தந்தையார் பிறருடன் சேர்ந்து நிறுவிய நியூயார்க் இயற்கைப்பொருட் காட்சிசாலையின் வாயிலில், 1940-இல் ரூஸ்வெல்டின் வெண்கலச் சிலை நிறுவப்பெற்றது. நடுவே அவர் குதிரைமீது வீற்றிருக்க, அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரும் ஆப்பிரிக்கர் ஒருவரும் இருமருங்கும் நடந்துவருவதாக அச்சிலை அமைந்திருந்தது. பழங்குடியினரைப்பற்றி அவர் எழுதியவற்றுட் சில நம்மால் ஏற்கத்தக்கன அல்ல. அவர் இவர்ந்துசெல்ல, அவ்விருவர் மட்டும் நடப்பானேன் என்னும் வினா ஆண்டுதோறும் வலுத்து வந்தது. 2022 ஜனவரியில் அச்சிலையை அங்கிருந்து பெயர்த்தெடுத்தனர்.