நோட்டுப் புத்தகத்தில் வந்த விஸ்கி

தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம். குடிப்பதைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. நம்மைப் போலவே டெக்னிக்கல் படிப்பு படித்து, நம்மைப் போலவே டிரெய்னிங் போன ஒருவரின் கதை இது. பெயர் மசடாகா டகேட்சுரு. ஜப்பானில் ரொம்பப் பிரபலம். 2014-ல் இவர் வாழ்க்கையைத் தழுவி ஒரு டி.வி. தொடரே வந்தது.

1894-ல் ஹிரோஷிமா பக்கம் டகேஹரா என்ற ஊரில் பிறந்தார். வீட்டுத் தொழிலே சாக்கே, அதாவது அரிசியில் செய்யும் மது. ஒசாகாவில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் நொதித்தல் படித்துவிட்டு, 1916-ல் செட்சு ஷுசோ என்ற கம்பெனியில் சேர்ந்தார். அப்போது ஜப்பானில் விஸ்கி என்று விற்றதெல்லாம் ஸ்பிரிட்டில் கலரும் வாசனையும் கலந்த சரக்குதான். அசல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வா என்று கம்பெனி இவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. 1918-ல் கப்பல் ஏறினார். வயது 24.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்தார். ஆனால் ஆலைக்குள் போகாமல் என்ன தெரியும்? புத்தகம் எழுதிய நிபுணர் ஒருவரிடம் போய்க் கேட்டால், அவர் சொன்ன ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை. பிறகு தானே ஆலை ஆலையாகக் கேட்டு அலைந்தார். 1919 ஏப்ரலில் லாங்மோர்ன் ஆலை கதவைத் திறந்தது. எத்தனை நாள் தெரியுமா? ஐந்தே நாள்! ஸ்டில்லுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலையை, யாரும் விரும்பாத அந்த வேலையை, கேட்டு வாங்கிச் செய்தார் என்று சொல்வார்கள். உள்ளே போனால்தானே அமைப்பு தெரியும்! அடுத்து போனெஸ் என்ற ஊரில் தானிய ஸ்பிரிட் ஆலை; 1920-ல் கேம்பெல்டவுனில் ஹேசல்பர்ன் ஆலையில் சில மாதங்கள். பார்லி முளைக்கட்டுவது, பீட் புகையில் உலர்த்துவது, தாமிர ஸ்டில்லில் இரண்டு முறை வடிப்பது, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் வைப்பது என்று எல்லாவற்றையும் படம் போட்டு நோட்டில் எழுதினார். நாம் ரிக்கார்டு நோட்டை யாரிடம் வாங்கிக் காப்பி அடிக்கிறோம் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. ரீட்டா கவன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை, இரு வீட்டு எதிர்ப்பையும் மீறி, பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம் இருவரும் ஜப்பான் வந்தார்கள். வந்தால், கம்பெனியில் பணம் இல்லை! உலகப் போர் முடிந்து மந்தநிலை. ஆலை கட்டும் திட்டம் அப்படியே நின்றது. 1922-ல் ராஜினாமா செய்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாராகப் போனார்.

1923-ல் ஷின்ஜிரோ டோரி கூப்பிட்டார். இன்றைய சன்டோரி கம்பெனியின் நிறுவனர். இனிப்பு ஒயின் விற்றுச் சம்பாதித்தவர், விளம்பரத்தில் புலி. பத்து வருட ஒப்பந்தம். யமசாகியில் ஆலையைக் கட்டி, 1924-ல் வடிக்க ஆரம்பித்தார்கள். 1929-ல் 'ஷிரோஃபுடா' கடைக்கு வந்தது. போணியாகவில்லை. புகை வாசனை ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கணும் என்பது டோரி கட்சி; ஸ்காட்லாந்தில் கற்றபடி இருக்கணும் என்பது இவர் கட்சி.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மதுபான ஆலையில் எனக்கு மூன்று வாரம் டிரெய்னிங். பிளாண்ட்டில் ஒரு வாரம், மார்க்கெட்டிங் பிரிவில் இரண்டு வாரம். வீட்டில் அம்மா, அக்கம்பக்கத்தில் கேட்டால் கெமிக்கல் கம்பெனி என்று சொல்லச் சொன்னார்! மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் என்று நினைத்துப் போனேன். மதுவுக்கு நேரடி விளம்பரம் டி.வி.யில் கிடையாது; 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். லேபிள், அட்டைப்பெட்டி, டிப்போவுக்கு எத்தனை லோடு என்ற கணக்கு, இவ்வளவுதான். சரக்கும் மால்ட் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலும் மொலாசஸ் ஸ்பிரிட் அல்லது தானிய ஸ்பிரிட்தான். டகேட்சுரு பெயரை எனக்குச் சொன்னவர் அந்தப் பிரிவின் பெரியவர் ஒருவர். அவர் முழுக்க டோரி பக்கம். விற்காத சரக்கை வைத்துக்கொண்டு சம்பளம் எப்படிப்பா போடுவது என்றார். பதில் சொல்ல வரவில்லை. ஆனாலும் நான் டகேட்சுரு பக்கம்தான்.

1934-ல் அவர் விலகினார். ஸ்காட்லாந்து மாதிரியே குளிரும் ஈரமும் உள்ள வடக்குத் தீவு ஹொக்கைடோவில், யோய்ச்சி என்ற ஊரில் சொந்த ஆலை. விஸ்கி முதிர வருடங்கள் ஆகுமே, அதுவரை சோறு? அந்த ஊர் ஆப்பிளை வாங்கி ஜூஸ் விற்றார். கம்பெனி பெயரே ஜப்பான் பழச்சாறு என்ற பொருளில்தான். அதைச் சுருக்கித்தான் 'நிக்கா' ஆனது. 1940-ல் முதல் விஸ்கி. அடுத்து யுத்தம். கடற்படை வாங்கியதால் ஆலை தப்பித்தது, ரீட்டாவுக்குத்தான் கஷ்டம். எதிரி நாட்டுக்காரி என்று போலீஸ் கண் வைத்தது. அவர் ஊரை விட்டுப் போகவில்லை.

ரீட்டா 1961-ல் இறந்தார், டகேட்சுரு 1979-ல், 85 வயதில். இருவருக்கும் யோய்ச்சியில்தான் சமாதி. 2008-ல் உலக விஸ்கிப் போட்டியில் சிறந்த சிங்கிள் மால்ட்டாகத் தேர்வானது இருபது வருட யோய்ச்சி. லாங்மோர்னில் அந்த ஐந்து நாளில் அவர் பார்த்தது போல, அங்கே ஸ்டில்லுக்குக் கீழே இன்றும் நிலக்கரி அள்ளிப் போட்டுத்தான் எரிக்கிறார்கள்.