சாணத்துக்கும் கணக்கு எழுதிய ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

வைக்கோலை வீட்டு மாட்டுக்குப் போடலாமா, வித்துடலாமா? புதுச்சேரி பாகூர் பக்கத்து நெல் விவசாயி ஒவ்வொரு அறுப்பிலும் யோசிக்கிற விஷயம் இது. இதே கணக்கை ஒரு காலத்தில் நாட்டுக்கே போட்டுப் பார்த்தவர் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். அப்புறம் அமெரிக்கா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தபோதுதான், வெள்ளைக்காரன் இந்தியாவைச் சுரண்டுவது எண்களாகக் கண்ணில் பட்டது. 1929-ல் காந்தியைச் சந்தித்தார். அதோடு கோட்டு சூட்டும் போச்சு, தொழிலும் போச்சு. 1934-ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது.

கிராமத்தையும் அவர் கணக்குப் புத்தகமாகவே பார்த்தார். மனுஷன் தின்ன முடியாத வைக்கோலை மாடு தின்கிறது. ஏர் இழுக்கிறது, வண்டி இழுக்கிறது, சாணம் போடுகிறது. அந்த எரு மறுபடி வயலுக்கே போகிறது. செத்த பிறகு தோலும் பயன்படுகிறது. டிராக்டரோ வெளியூர் எண்ணெயைக் குடிக்கும், எரு தராது. வைக்கோலை விற்றால் இன்றைக்குக் காசு வரும். அடுத்த போகத்துக்கு எருவைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இப்போது ‘ஒருங்கிணைந்த பண்ணையம்’ என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். ஆனால் நாடு பெரிய அணை, ரசாயன உரம், டிராக்டர் என்று வேறு பக்கம் நடந்தது. அவர் பேச்சு எடுபடவில்லை. சும்மா இருக்கவில்லை மனுஷர். வார்தா அருகே சேல்டோ கிராமத்தில் நிலம் எடுத்துச் சோதனையில் இறங்கினார். மராத்தி ஊரில் அதற்கு வைத்த பெயர் ‘பண்ணை ஆசிரமம்’! உடம்பு ஒத்துழைக்கவில்லை, ரத்த அழுத்தம்.

அவர் கணக்கில் ஒரு இடிப்பு உண்டு. அரை ஏக்கர்காரர் ஒரு ஜோடி உழவு மாட்டை வருஷம் முழுக்கக் கட்டித் தீனி போட முடியுமா? கறவை மாடு என்றால் பாலாவது கிடைக்கும். உழவு மாடு விஷயத்தில் இந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார்.