ஓவியப் புலி மகேந்திரவர்மன்

மன்னர்கள் புலி என்றும் சிங்கம் என்றும் பட்டம் சூட்டிக்கொள்வது உண்டு. பெரும்பாலும் அது போர்க்கள வீரத்துக்கான பட்டம். ஆனால் ஒரு தமிழ்நாட்டு மன்னன், ஓவியம் எழுதுவதில் புலி என்று பெயர் எடுத்தான். "சித்திரகாரப்புலி" என்பது அவனுடைய பட்டம்.

அவன்தான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்.

சிம்மவிஷ்ணுவின் மகனான இவன், கி.பி. 600-ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரத்தில் அரியணை ஏறினான். சுமார் 30 ஆண்டுகள் ஆண்டான்.

போர்

அது அமைதியான ஆட்சி அல்ல. வாதாபியில் இருந்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும் படையுடன் வந்தான். மகேந்திரன் காஞ்சிக் கோட்டைக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது சாளுக்கியர் கல்வெட்டு. புள்ளலூரில் பகைவரை முறியடித்தான் என்கிறது பல்லவர் செப்பேடு. எது எப்படியோ, தலைநகர் தப்பியது.

இத்தனை தொல்லைக்கு நடுவிலும் மகேந்திரன் கலையை மறக்கவில்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், பாறையைக் குடைந்தே மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்குக் கோயில் செய்தான். இந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

வடமொழியில் "மத்தவிலாசப் பிரகசனம்" என்ற சிரிப்பு நாடகமும் எழுதினான். ஒரு காபாலிகன் தன் மண்டை ஓட்டைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்குதான் திருடினான் என்று சண்டை பிடிக்கிறான். கடைசியில் பார்த்தால், தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்!

மகேந்திரன் முதலில் சமணனாக இருந்தான். அப்பரால் சைவனானான் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சித்தன்னவாசல்

சமண சமயம், குகைக் கோயில், ஓவியம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் ஒன்று இருந்தால், அது யாருடையது என்று நினைக்கத் தோன்றும்?

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சித்தன்னவாசல் அப்படிப்பட்ட இடம். 1920-ல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இந்த ஓவியங்களை உலகுக்கு எடுத்துக் கூறினார். இவை மகேந்திரன் காலத்தவை என்றார். தூணில் முடி சூடி நிற்கும் அரசன் உருவமும் மகேந்திரனே என்று கருதப்பட்டது. பல ஆண்டுகள் எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

அங்கே விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் அதில் இருக்கின்றன. சிலர் குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். காவி, மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை என்று நிறங்கள் சிலவே.

தூணில் இரண்டு நடன மாதர். ஒருத்தி கையை யானையின் துதிக்கைபோல் நீட்டுகிறாள். நிஜமான கை அவ்வளவு நீளமாக, எலும்பே இல்லாததுபோல் வளையுமா? வளையாது! அளவு எடுத்து வரைந்த கை அல்ல அது. ஆட்டத்தின் குழைவைக் காட்ட வரைந்த கை. சுமார் 700 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியில் பார்மிஜானினோ முதலிய ஓவியர்கள், கழுத்தையும் விரல்களையும் வேண்டும் என்றே நீட்டி ஒரு புதுப் பாணியை உண்டாக்கினார்கள். அந்தக் கலை ரகசியத்தை நம் நாட்டு ஓவியன் முன்பே தெரிந்துவைத்திருந்தான்.

கல் சொன்ன சாட்சி

யார் அந்த ஓவியன்? மகேந்திரன் ஆளா?

குகைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்து, முன்மண்டபமும் கட்டினார் என்று அது தெரிவிக்கிறது. அப்போது ஆண்டவன் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன். மகேந்திரன் மறைந்து 200 ஆண்டுகள் ஆகிவிட்டன!

தூணில் நிற்கும் அரசனும் இந்தப் பாண்டியனாகவே இருக்கலாம் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் முடிவு. ஓவியம் எழுதியவர்களின் பெயரை மட்டும் எந்தக் கல்லும் சொல்லவில்லை.

சித்தன்னவாசல் கை நழுவியதால் மகேந்திரனின் புகழ் குறைந்துவிடவில்லை. மண்டகப்பட்டுக் கோயில் இருக்கிறது. நாடகம் இருக்கிறது. ஆனால், அவன் கையால் எழுதிய ஓவியம் இது என்று உறுதியாகக் காட்ட இன்று ஒன்றுகூட இல்லை. ஓவியப் புலிக்குப் பட்டம் எஞ்சியது, ஓவியம் எஞ்சவில்லை. சித்தன்னவாசல் ஓவியனுக்கோ, ஓவியம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை!